கதிர் சிகிச்சை பெற்றவர்களே, இருதயத்தையும் கவனியுங்கள்



புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டாலே நம் லயங்களில் ஒரு காலத்தில் அழுகைச் சத்தம்தான் எழும். "மஹரகமவுக்கு அனுப்பிட்டாங்க" என்றால் அந்த ஆள் இனித் திரும்பி வரமாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். இன்று நிலைமை அப்படியல்ல. மார்பில் கட்டி வந்து சுகமாகி, மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகும் அக்காமார் இருக்கிறார்கள். வாயில் புற்று வந்து, வைத்தியம் செய்து, பத்து வருஷத்துக்கு மேலாக நன்றாக இருக்கும் அண்ணன்மாரும் இருக்கிறார்கள்.

நோய் தீர்ந்தது நல்ல சேதி. ஆனால் மார்பிலோ கழுத்திலோ கதிர் சிகிச்சை பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அந்தக் கதிர் புற்றுநோயை அழித்தபோது, பக்கத்தில் இருந்த இருதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் கொஞ்சம் பட்டிருக்கலாம். அதன் விளைவு 5 வருஷம், 10 வருஷம், சில பேருக்கு 20 வருஷம் கழித்துத் தெரிய வரும். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் சமாளிக்கக்கூடிய விஷயம் இது என்பதற்காகவே சொல்கிறோம்.

கதிர் சிகிச்சை என்றால் என்ன?

நம் சனங்கள் இதைக் "கரண்ட் வைத்தாங்க" என்று சொல்வதுண்டு. உண்மையில் இது மின்சாரம் அல்ல. எக்ஸ்ரே படம் எடுக்கும் கதிரைப் போன்றது. ஆனால் அதைவிடப் பல மடங்கு பலம் கூடியது. மெஷினுக்குக் கீழே நோயாளியைப் படுக்க வைத்து, கட்டி இருந்த இடத்துக்குக் குறி வைத்துச் சில நிமிஷங்கள் செலுத்துவார்கள். வலி இருக்காது. நோயைப் பொறுத்து 15 நாள், 25 நாள், அதற்கும் மேல் என்று தவணை தவணையாகக் கொடுப்பார்கள்.

இப்படி வெளியிலிருந்து மெஷினால் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்கி நிற்பதில்லை. அதனால் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைத் தூக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம். மற்றவருக்கு ஒன்றும் தொற்றாது. கதிர் வைத்தவருக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை வைப்பது தேவையில்லாத வேதனை.

கதிர் போய்விடுகிறது, ஆனால் அது பட்ட இடத்தில் உண்டான மாற்றம் நிற்கிறது. அதுதான் இங்கே பேசப்படும் விஷயம்.

இருதயத்துக்கு என்ன நடக்கிறது?

இருதயம் நெஞ்சின் நடுவில், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து இருக்கிறது. இடது மார்பில் புற்றுநோய் வந்து கதிர் வைக்கும்போது, மார்புக்குப் பின்னாலேயே இருக்கும் இருதயத்தின் முன்பக்கத்திலும் ஓரளவு கதிர் படுகிறது. இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் முக்கியமான குழாய் ஒன்று அந்த முன்பக்கத்தில்தான் ஓடுகிறது.

இரத்தக் குழாயின் உட்சுவர் வழுவழுப்பாக இருந்தால்தான் இரத்தம் தடையில்லாமல் ஓடும். கதிர் பட்ட இடத்தில் அந்த உட்சுவர் பழுதாகிறது. லயத்துக்குத் தண்ணீர் வரும் பழைய இரும்புக் குழாயை நினைத்துப் பாருங்கள். உள்ளே துருப்பிடித்துச் சொரசொரப்பான இடத்தில்தான் அழுக்கு படியும். போகப் போகக் குழாய் ஒடுங்கும். அதேபோல, பழுதான இடத்தில் கொழுப்பு படிந்து, தழும்பு கட்டி, இரத்தக் குழாய் வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல ஒடுங்குகிறது. முற்றாக அடைத்தால் அது மாரடைப்பு.

குழாய் மட்டுமல்ல. இருதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி வரலாம். இருதயத்தின் கதவுகளான வால்வுகள் தடித்துப் போகலாம். இது பெரும்பாலும் 10, 20 வருஷம் கழித்தே தெரியவரும். இருதயத் தசை விறைத்து, முன்போல விரிந்து கொடுக்காமல் போகலாம். துடிப்பின் ஒழுங்கும் மாறலாம்.

புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகள் சிலவும் இருதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியவை. சிவப்பு நிறத்தில் ஏற்றும் அட்ரியாமைசின் என்ற மருந்து அவற்றில் ஒன்று. சிவப்பு மருந்தும் ஏற்றி, நெஞ்சில் கதிரும் வைத்தவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கர்ப்பப்பை வாசல் புற்றுநோய்க்காக அடிவயிற்றில் கதிர் வைத்த தாய்மார் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். அந்தக் கதிரின் பாதையில் இருதயம் இல்லை.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முன்பு பெரியவர்களின் இருதயத்தைக் கதிர் அவ்வளவாகப் பாதிக்காது என்றே வைத்தியர்கள் நம்பினார்கள். 1960களில் அமெரிக்காவில் ஹொட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கழுத்து, நெஞ்சு முழுவதும் கதிர் கொடுத்து வாலிபர்களைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். அதற்கு முன் சாவுதான் முடிவு என்றிருந்த நோய் அது. அப்படிப் பிழைத்தவர்களில் சிலருக்கு இளம் வயதிலேயே மாரடைப்பும் வால்வு நோயும் வந்தன. நோயாளிகள் நீண்ட காலம் வாழத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பின்விளைவு வைத்தியர்களின் கண்ணுக்குத் தெரிந்தது.

மார்புப் புற்றுநோய் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. சுவீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை கதிர் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களின் பதிவுகளை இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா டார்பியும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆராய்ந்தார்கள். இருதயத்தில் பட்ட கதிர் கூடக் கூட, இருதய நோயும் கூடியது. சிகிச்சை முடிந்த முதல் 5 வருஷத்துக்குள்ளேயே அது தொடங்கி, 20 வருஷத்துக்குப் பிறகும் தொடர்ந்தது.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

கதிரின் அளவைக் 'கிரே' என்ற கணக்கில் சொல்வார்கள். 50 வயதான 1,000 பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு வேறு ஆபத்துக் காரணம் எதுவும் இல்லை, கதிரும் வைக்கவில்லை என்றால், 80 வயதுக்குள் சுமார் 45 பேருக்கு மாரடைப்பு போன்ற கடுமையான இருதய நோய் வரும். இருதயத்தில் சராசரி 3 கிரே கதிர் பட்டிருந்தால் அது 54 பேர் ஆகிறது. அதாவது 9 பேர் கூடுதல்.

இப்போது இன்னொரு 1,000 பேர். இவர்களுக்குச் சீனி வருத்தம், புகைத்தல் போன்ற ஆபத்துக் காரணம் ஒன்றாவது ஏற்கெனவே இருக்கிறது. இவர்களில் கதிர் வைக்காவிட்டாலும் 80 பேருக்கு இருதய நோய் வரும். 3 கிரே கதிரும் பட்டால் 97 பேர்.

இந்த எண்கள் மேற்கு ஐரோப்பியப் பெண்களை வைத்துப் போட்ட கணக்கு. நம் மலையகத்தில் எண்கள் வேறுபடலாம். ஆனால் அதில் உள்ள பாடம் நமக்கும் பொருந்தும். கதிரால் கூடியது 9 பேர். மற்ற ஆபத்துக் காரணங்களால் கூடியதோ 35 பேர்! இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் கதிரின் கெடுதலும் 17 பேராகக் கூடுகிறது. பட்டுப்போன கதிரை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் பிரஷரையும் சீனியையும் புகையையும் அடக்கலாம். பெரிய பங்கு நம் கையில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் கதிரே வேண்டாமா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதில்: அப்படி நினைக்கவே கூடாது. வைத்தியர் கதிர் வேண்டும் என்று சொன்னால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பாதியில் விட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் வெட்டி எடுத்த 10,801 பெண்களைப் பற்றிய ஆய்வு முடிவுகள் 2011இல் வெளிவந்தன. 15 வருஷத்துக்குள் மார்புப் புற்றுநோயால் இறந்தவர்கள், கதிர் வைக்காதவர்களில் 1,000க்கு 252 பேர். கதிர் வைத்தவர்களில் 214 பேர். அதாவது 38 உயிர்கள் மிஞ்சின. மேலே சொன்ன இருதயக் கணக்கில், ஆபத்துக் காரணம் இல்லாத 1,000 பெண்களில் 80 வயதுக்குள் கதிரால் கூடுதலாக இறப்பவர்கள் சுமார் 5 பேர். இலாபம் எங்கே, நட்டம் எங்கே என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய முறைகளும் முன்னேறியிருக்கின்றன. முதலில் ஸ்கேன் எடுத்து, இருதயம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை ஒதுக்கிக் கதிர் செல்லும் வழியைத் திட்டமிடுகிறார்கள். சில இடங்களில் "மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கதிர் கொடுப்பார்கள். மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிந்து, இருதயம் மார்புச் சுவரை விட்டு விலகி நிற்கும். அதனால் அதில் படும் கதிர் குறைகிறது. ஆகவே சிகிச்சையின்போது சொல்கிறபடி அசையாமல் படுத்து, சொல்கிறபடி மூச்சுப் பிடிப்பது உங்கள் இருதயத்தைக் காப்பாற்றும் வேலைதான்.

கழுத்தில் கதிர் பட்டவர்கள்

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் முதன்மையானது. தோட்டங்களில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பெண்களுக்கும் வருகிறது. இதற்குப் பெரும்பாலும் தாடையோடு கழுத்திலும் கதிர் வைப்பார்கள்.

கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய்கள் ஓடுகின்றன. விரலை வைத்தால் துடிப்பு தெரியும். கதிர் பட்டால் அவையும் வருஷங்கள் போகப் போக ஒடுங்கலாம். அடைத்தால் வருவது பாரிசவாதம். கழுத்தில் கதிர் பெற்ற, 60 வயதுக்குக் குறைந்தவர்களைப் பற்றி நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. மற்றவர்களைவிட இவர்களுக்குப் பாரிசவாதம் 5 மடங்குக்கு மேல் கூடுதலாக வந்ததாக அது காட்டியது.

கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பியும் கதிரால் மந்தமாகலாம். அப்போது உடம்பு சோர்ந்து, குளிர் தாங்காமல், எடை கூடும். இரத்தத்தில் கொழுப்பும் ஏறும். அந்தக் கொழுப்பு இரத்தக் குழாய்க்குக் கெடுதல். "வயசாகிருச்சு, அதான் அசதி" என்று விடாமல், கிளினிக்கில் தைரொயிட் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். குறைவாக இருந்தால் தினம் போடும் குளிசை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாடையில் கதிர் பட்டவர்கள் பல் பிடுங்கப் போனால், கதிர் வைத்ததைப் பல் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும். கதிர் பட்ட எலும்பில் காயம் ஆறுவது கஷ்டம்.

கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

புற்றுநோய் தீர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகு, நெஞ்சு வலிக்காகப் போகும்போது அந்தப் பழைய கதையைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. புதிய வைத்தியருக்கும் அது தெரியாது. வயது குறைந்த பெண் என்றால், "இது கேஸ்" என்று மருந்து கொடுத்து அனுப்பவும் கூடும். அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லலாம்:

தாய்: "டாக்டரய்யா, ரெண்டு மூணு வாரமா மலை ஏறுனா நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்குங்க. மூச்சு வாங்குது. கேஸா இருக்கும்னு இஞ்சித் தண்ணி குடிச்சுப் பாத்தேன், கேக்கலைங்க."

வைத்தியர்: "நடக்கிறதை நிறுத்துனா குறையுதாம்மா?"

தாய்: "நின்னா கொஞ்ச நேரத்துல சரியாகுதுங்க. இன்னொன்னும் சொல்லணும்ங்கய்யா. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இடது மார்புல கட்டி எடுத்து, 25 நாள் கரண்ட் வச்சாங்க. இந்தாங்க, அந்தத் துண்டு."

வைத்தியர்: "இதைச் சொன்னது ரொம்ப நல்லதும்மா. அப்படின்னா கேஸ் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தாறேன், போய் ஈ.சி.ஜி. எடுத்துக் காட்டுங்க."

அந்தத் தாய் இரண்டு காரியம் செய்தார். கதிர் வைத்ததைச் சொன்னார், துண்டையும் காட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட், கதிர் சிகிச்சைத் துண்டு, ஏற்றிய மருந்துகளின் விபரம், கிளினிக் கொப்பி ஆகியவற்றைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் போலப் பாதுகாக்க வேண்டும். லயத்துக் கூரை ஒழுகும். ஆகவே ஒரு பொலித்தீன் பையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். ஒரு போட்டோ கொப்பியும் எடுத்து வையுங்கள். தொலைந்துவிட்டால், எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, உடம்பில் எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மகனோ மகளோ அதைத் தெரிந்து வைத்திருப்பதும் நல்லது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

மலையில் வேலை செய்பவர்களுக்கு மலையே ஒரு பரிசோதனை. போன வருஷம் நிற்காமல் ஏறிய மேட்டில் இந்த வருஷம் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு இறுகுகிறதா? கால் வீங்குகிறதா? இரவில் தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? மயக்கம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தோட்ட ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அரைப் பேர் போய்விடுமே என்று தள்ளிப் போடாதீர்கள். மார்பில் ஒப்பரேஷன் செய்த இடத்தில் வழக்கமாக இருக்கும் வலிதானே என்றும் விட்டுவிடாதீர்கள்.

உடனே ஓட வேண்டிய நேரமும் உண்டு. நெஞ்சைப் பிசைவது போன்ற வலி சில நிமிஷங்களில் அடங்காமல் கை, தாடை, முதுகு என்று பரவினால், குளிர்ந்த வியர்வை கொட்டினால், அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்குச் சில நேரம் வலி குறைவாகவும், மூச்சு முட்டலும் களைப்பும் ஓங்காளிப்பும் கூடுதலாகவும் இருக்கும். முகம் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய கை தானாக விழுந்தால், பேச்சுக் குளறினால் அது பாரிசவாதம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். இலவச சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். உங்கள் தோட்டப் பாதையில் அம்புலன்ஸ் வரச் சுணங்கும் என்றால், கிடைக்கும் வாகனத்தில் உடனே ஏற்றுங்கள்.

நம் கையில் உள்ளவை

வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர், சீனி, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். பிரஷர் 140க்கு 90 என்ற அளவைத் தாண்டினால் விட்டுவைக்கக் கூடாது. பிரஷர் குளிசையை "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

நெஞ்சிலோ கழுத்திலோ கதிர் வைத்து 5 வருஷம் கடந்தவர்கள், இருதய எக்கோ ஸ்கேன் தேவையா, கழுத்து இரத்தக் குழாய் ஸ்கேன் தேவையா என்று கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள். கழுத்தில் கதிர் பெற்றவர்களுக்கு 5 வருஷம் கழித்தும், பிறகு 5 முதல் 10 வருஷத்துக்கு ஒரு தடவையும் அந்த ஸ்கேனைப் பற்றி யோசிக்கலாம் என்று ஐரோப்பிய இருதய வைத்தியர் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. கேட்பதில் தப்பில்லை. சின்ன வயதில் நெஞ்சில் கதிர் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும், வாழ்நாள் முழுக்க இந்தக் கவனம் வேண்டும்.

பீடி, சிகரெட், சுருட்டை அடியோடு விடுங்கள். கதிரால் பழுதான குழாய்க்குப் புகை இரட்டைக் கேடு. வாய்ப் புற்றுநோய் தீர்ந்தவர்கள் "புகையிலை இல்லாமத்தானே போடுறேன்" என்று மறுபடி வெற்றிலைப் பையைத் திறக்கக் கூடாது. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும்.

கருவாடு, ஊறுகாய், கடை மிக்சர் ஆகியவற்றில் உப்பு அதிகம், குறையுங்கள். தேத்தண்ணியில் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். ரொட்டியும் சம்பலும் மட்டும் என்றில்லாமல், வீட்டுத் தோட்டத்துக் கீரையையும் பருப்பையும் தினம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்கள் தினமும் அரை மணி நேரம் நடக்கலாம்.

ஞாபகம் வைத்துக்கொள்ள

1. வைத்தியர் சொன்னால் கதிர் சிகிச்சையை மறுக்க வேண்டாம். அது உயிர் காக்கும்.
2. நெஞ்சில், கழுத்தில் கதிர் வைத்தவர்கள் நோய் தீர்ந்த பிறகும் இருதயத்தையும் இரத்தக் குழாயையும் கவனிக்க வேண்டும்.
3. எந்த வைத்தியரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், "எனக்குக் கதிர் வைத்திருக்கிறது" என்று சொல்லுங்கள்.
4. துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.
5. பிரஷர், சீனி, கொழுப்பு, புகை, இந்த நாலையும் அடக்குங்கள்.

உங்கள் லயத்தில் புற்றுநோய் தீர்ந்து வாழும் ஒருவர் இருந்தால், எழுத்து வாசிக்கத் தெரியாதவராக இருந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருடைய துண்டு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுத் தேடி எடுத்துக் கொடுங்கள்.